கூடைக்குள் கை நுழைகிறதா?

பட்டறை மேசையில் மடித்துப் போட்ட கம்பளியின்மேல் கூடைப்பிடி வாள் கிடந்தது. 22 மாதம் காத்திருந்த பொருள். ஆனாலும் உடனே தூக்க மனம் வரவில்லை. வலது கையை மட்டும் பிடியைச் சுற்றிய இரும்புக் கூடைக்குள் நுழைத்தேன். விரல்கள் பிடியைச் சுற்றி மூடின. முட்டி எதிலும் இடிக்கவில்லை. சுண்டுவிரல் பிடியின் கடைசியில் உள்ள குமிழுக்கு அடியில் போய் வாகாக அமர்ந்தது. கட்டைவிரலை நீட்டிப் பார்த்தேன், மடக்கிப் பார்த்தேன். எங்கும் இரும்பு உரசவில்லை.

"இனி தூக்குங்கள்" என்றார் பட்டறைக்காரர்.

தூக்கினேன். கண்ணுக்கு அவ்வளவு கனமாகத் தெரிந்த பொருள் கைக்கு வந்ததும் லேசாகிவிட்டது. தராசில் வைத்தபோது 1,240 கிராம். வீட்டில் சட்னி அரைக்கும் மிக்சியின் எடைகூட இல்லை. மணிக்கட்டைத் திருப்பினால் முனை தானாகவே வந்து சேர்ந்தது. ஆறு ஆண்டுகளாக இந்த வாள்களின் பின்னால் அலைகிறேன். பொருள் சரியாக அமைந்திருக்கிறது என்று கை சொன்னது அன்றைக்குத்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கூடைப்பிடி வாள் என்பது ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் மலைப்பகுதி மக்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இடுப்பில் கட்டிய வாள். பிடியைச் சுற்றி இரும்புப் பட்டைகளும் தகடுகளும் கூடைபோல் வளைந்து வந்து கை முழுவதையும் மூடிக்கொள்ளும். இரும்புக் கையுறையும் கவசமும் போர்க்களத்தில் வழக்கொழிந்த காலத்தில் கைக்கு வேறு காப்பு தேவைப்பட்டது. அந்தக் காப்பை வாளிலேயே பொருத்திவிட்டார்கள். இது ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரியதல்ல. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்தும் ஒரு கூடைப்பிடி வாள் எடுக்கப்பட்டிருக்கிறது. வெனிஸ் நகரத்தில் பூனைத்தலை போன்ற குமிழ் வைத்த ஸ்கியவோனா என்ற வாள் உண்டு. இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் முகங்கள் செதுக்கிய வேறொரு வகை உண்டு. ஆனால் கூடையை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் ஸ்டிர்லிங், கிளாஸ்கோ நகரங்களின் கொல்லர்கள்தாம். ஸ்டிர்லிங்கில் ஆலன் குடும்பம், கிளாஸ்கோவில் சிம்ப்சன் குடும்பம். இவர்கள் பெயர் பொறித்த பிடிகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம்.

இதைக் கிளேமோர் என்று சொல்வது சரியா தவறா என்று சேகரிப்பாளர்கள் சந்தித்துக்கொண்டால் அரை நாள் போய்விடும். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெரிய வாள் என்று பொருள். அதற்கு முந்தைய காலத்து இரண்டு கைப் பிடி வாளுக்குத்தான் அது பொருந்தும் என்பது ஒரு கட்சி. 18ஆம் நூற்றாண்டிலேயே கூடைப்பிடி வாளையும் அப்படி அழைத்திருக்கிறார்கள் என்பது மறு கட்சி. மக்கள் வாயில் வழங்கிய பெயரைத் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. இந்தக் கட்டுரையில் கூடைப்பிடி வாள் என்றே எழுதுகிறேன்.

நான் கும்பகோணத்துக்காரன். என் தாத்தா பாத்திரப் பட்டறையில் 40 ஆண்டுகள் பித்தளை பற்றவைத்தவர். நான் 14 ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் வெல்டிங் ஆய்வாளராக இருக்கிறேன். இரும்போடு இரும்பு சேரும் இடத்தைப் பார்ப்பதே என் பிழைப்பு. கெல்வின்குரோவ் அருங்காட்சியகத்துக்கு முதன்முறை போனபோது எல்லோரும் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆயுதக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றுவிட்டேன். கிளாஸ்கோ அருங்காட்சியகங்களின் ஆயுதச் சேகரிப்பில் பெரும்பங்கு ஆர். எல். ஸ்காட் என்பவர் கொடுத்தது. கிரீனக்கில் கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். 1939இல் தம் சேகரிப்பை நகரத்துக்கே எழுதிவைத்துவிட்டுப் போனார். கப்பல் கட்டியவருக்கு இந்த இரும்பு வேலையின் அருமை தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஒரு நிறைவு.

அசல் வாள் வாங்குவது என் சம்பளத்தில் நடக்காது. நல்ல நிலையில் உள்ளவை ஏலத்தில் பல ஆயிரம் பவுண்டுகளுக்குப் போகின்றன. அப்படியே வாங்கினாலும் 300 ஆண்டு பழைய இரும்பைக் கையில் பிடித்து வீசிப் பார்க்கக்கூடாது. கையால் செய்த பிரதி வாள்களின் பக்கம் வந்தது அதனால்தான்.

முதலில் ஏமாந்தேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் படத்தைப் பார்த்து ஒரு வாள் வாங்கினேன். கூடையில் இதய வடிவத் துளைகள், சிவப்புக் குஞ்சம், பளபளப்பு எல்லாம் இருந்தன. எடை 1,900 கிராம். பத்து வீச்சு வீசுவதற்குள் மணிக்கட்டு வலித்தது. அலகை அளந்து பார்த்தேன்: அடியிலும் 5 மில்லிமீட்டர், நடுவிலும் 5, முனைக்கு ஒரு சாண் முன்னாலும் 5. அது வாளின் வடிவத்தில் வெட்டிய பாளம். கூடையை அச்சில் அடித்து நாலு இடத்தில் ஒட்டியிருந்தார்கள். பற்றவைப்பின் திவலைகளைக்கூட அரம் போட்டு எடுக்கவில்லை. கை நுழைந்தது, ஆனால் நுழைந்த கை திரும்பவில்லை. படத்தைப் பார்த்துச் செய்தவர்கள் வெளித்தோற்றத்தை மட்டும் செய்திருந்தார்கள். உள்ளே ஒரு கை இருக்கவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல் செய்த பிடி அது. திருப்பி அனுப்பக் கேட்டபோது பதிலும் வரவில்லை.

இப்போது நான் மதிப்பீடு எழுதும் வாளைச் செய்தவர் ஸ்டிர்லிங் நகரத்துக்கு வடக்கே ஒரு பழைய மாட்டுக் கொட்டகையில் தனியாளாகப் பட்டறை நடத்துகிறார். வயது 60ஐத் தாண்டியிருக்கும். பெயரை எழுதவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். இருக்கிற வேலைக்கே ஆண்டுக்கணக்கில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். இன்னும் பத்துப் பேர் வந்தால் அவர்களுக்குச் சொல்லப் பதில் இல்லை என்றார். ஆகவே கடையின் முகவரி தேடி இதைப் படிப்பவர்கள் என்னை மன்னிக்கவேண்டும். ஒரு நல்ல கைவேலை வாளில் எதைப் பார்க்கவேண்டும், எதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது இதில் இருக்கிறது. அது எந்தப் பட்டறைக்கும் பொருந்தும்.

முதல் நாள் அவர் என்னிடம் வாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தாளை மேசையில் விரித்து, "கையை வையுங்கள்" என்றார். பென்சிலால் என் கையைச் சுற்றிக் கோடு போட்டார். பிறகு ஒரு மரக்கட்டையைப் பிடிக்கச் சொல்லி, முட்டிகளின் அகலம், முட்டியிலிருந்து கட்டைவிரல் நுனி வரை, மூடிய முட்டியின் உயரம் என்று ஏழெட்டு அளவு எடுத்தார். தையற்காரர் சட்டைக்கு அளவெடுப்பதைப் போலவே இருந்தது. அருங்காட்சியகத்தில் இருக்கும் பிடிகளில் பல இக்கால ஆண்களின் கைக்குச் சிறியவை என்றும், அளவை அப்படியே நகலெடுத்தால் வாங்குபவர் கை மாட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். என் கை சிறியது. பழைய அளவுக்குக் கொஞ்சம்தான் கூட்டவேண்டும் என்றதும் அவருக்கே மகிழ்ச்சி. கூடை பெரிதானால் அதன் விகிதமே கெட்டுப்போகும்.

நான் கேட்டது கிளாஸ்கோ பாணிப் பிடி. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்ற ஹைலண்ட் மக்கள் எழுந்த 1745 எழுச்சிக்கு முந்தைய காலம். ஸ்டிர்லிங் பாணியில் வளைவுகளும் சித்திர வேலையும் அதிகம். சேகரிப்பாளர்கள் பலர் அதைத்தான் உயர்த்திப் பேசுவார்கள். எனக்குக் கிளாஸ்கோ பாணியின் அடக்கம் பிடித்திருக்கிறது. முன்னால் தகடுகள், பக்கத்தில் தகடுகள், இடையில் பெருக்கல் குறிபோல் குறுக்குப் பட்டைகள். தகடுகளில் இதயமும் வட்டமும் துளைத்திருக்கும். ஓரங்களில் அரத்தால் வெட்டிய சிறு பற்கள். கண் சீக்கிரம் களைப்பதில்லை.

கூடையைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்லவேண்டும். பணத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது. தவறும் அங்கேதான் ஒளிந்துகொள்ளும். தகடுகள் 2 மில்லிமீட்டர் மென்னிரும்பில் வெட்டி, உலையில் காய்ச்சி, பட்டடையில் குழிவாகத் தட்டப்பட்டவை. துளைகளை முதலில் துளையிட்டுப் பிறகு ஊசி அரத்தால் இதயமாகத் திருத்தியிருக்கிறார். இடது தகட்டில் உள்ள இதயம் வலது தகட்டில் உள்ளதைவிட ஒரு மயிரிழை சாய்ந்திருக்கிறது. அதைக் குறை என்று சொல்லமாட்டேன். பட்டைகள் சதுரக் கம்பியிலிருந்து அடித்து எடுத்தவை. நடுவில் தடித்தும் தகட்டைச் சேரும் இடத்தில் மெலிந்தும் இருக்கின்றன. அச்சில் அடித்த கூடையில் இந்த ஏற்ற இறக்கம் இருக்காது. எல்லாம் ஒரே தடிமனில் வரும்.

இணைப்புகளை மின்சாரத்தால் பற்றவைக்கலாம், பித்தளையால் பற்றவைக்கலாம், உங்கள் விருப்பம் என்றார். மின்சாரப் பற்றவைப்பு விரைவு. அரம் போட்டுவிட்டால் தெரியாது. விலையும் 200 பவுண்டு குறையும். நான் பித்தளை கேட்டேன். பழைய பிடிகளின் இணைப்புகளில் மஞ்சள் கோடு ஒன்று மெல்லியதாக ஓடுவதை நிட்ஸ்ஹில் பகுதியில் உள்ள அருங்காட்சியகக் கிடங்கில் முன்பதிவு செய்து போய்ப் பார்த்தபோது கண்டிருக்கிறேன். அதோடு என் தாத்தாவின் தொழில் அது. பட்டறைக்காரர் டப்பாவைத் திறந்து வெள்ளைத் தூளை எடுத்தபோது, கேட்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெங்காரம். சூட்டில் அது பொங்கிப் பிறகு கண்ணாடிபோல் உருகும்போது வரும் வாசனை கும்பகோணத்துத் திண்ணையில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தது. "இந்த வாசனை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதற்குமேல் எனக்குப் பேச வரவில்லை.

கூடை முடிந்து, இன்னும் தோலும் துணியும் வைக்காத நிலையில் என்னை அழைக்கச் சொல்லியிருந்தேன். 13ஆம் மாதம் அழைத்தார். என் சொந்தக் காசில் வாங்கிய மூன்று டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனேன். கப்பல் வேலையில் விரிசல் தேடப் பயன்படும் சிவப்புச் சாயச் சோதனை அது. முதல் டப்பாவால் துடைத்துச் சுத்தம் செய்து, இரண்டாவதில் உள்ள சிவப்புச் சாயத்தை இணைப்புகள் எல்லாவற்றிலும் அடித்தேன். 15 நிமிடம் விட்டேன். விரிசல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கிவிடும். மேலே உள்ளதை வழித்துத் துடைத்துவிட்டு மூன்றாவது டப்பாவின் வெள்ளை மாவை அடித்தால், உள்ளே இறங்கிய சாயத்தை மாவு உறிஞ்சி மேலே கொண்டுவரும். கூடை முழுவதும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாக இருந்தது. இருவரும் கைவிளக்கோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். 26 இணைப்புகள். 25 வெள்ளையாகவே இருந்தன. குமிழுக்குப் பக்கத்தில் பின்பட்டை வந்து சேரும் இடத்தில் மட்டும், நெற்றியில் ஊசியால் இழுத்த குங்குமம்போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல எழுந்தது. 3 மில்லிமீட்டர் இருக்கும்.

வெறும் கண்ணுக்கு அந்த இடம் அப்பழுக்கில்லாமல்தான் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூடையைக் கொதிநீரில் கழுவி, காயவைத்து, அந்த இணைப்பைப் பிரித்து, புதிதாக வெங்காரம் பூசி மறுபடி பற்றவைத்தார். மறுநாள் நான் திரும்பிப் போய்ச் சோதித்தேன், சிவப்பு வரவில்லை. ஒரு சதமும் கூடுதலாகக் கேட்கவில்லை. 40 ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர், வெளியாள் கொண்டுவந்த டப்பாவுக்கு முன்னால் தம் வேலையை நிறுத்திக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். இப்போது தாமும் அந்த மூன்று டப்பாக்களை வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

பிடியின் உட்கட்டை மரம். அதன்மேல் சுருள்சுருளாகப் பள்ளம் வெட்டி, திருக்கைத் தோலைப் போர்த்தி, பள்ளத்தில் முறுக்கிய பித்தளைக் கம்பியைச் சுற்றியிருக்கிறார். திருக்கைத் தோலின் சொரசொரப்பு வியர்த்த கையிலும் வழுக்காது. பழையவர்கள் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு மட்டுமல்ல என்பது பிடித்துப் பார்த்தால் விளங்கும். கம்பியின் இரண்டு முனைகளும் பூணுக்கு அடியில் மறைந்திருக்கின்றன. விரலை எத்தனை முறை ஓட்டினாலும் குத்தவில்லை. கூடையின் உள்ளே கையின் பின்புறம் படும் இடத்தில் மான் தோல், அதன் ஓரத்தில் சிவப்புக் கம்பளித் துணி, கைத்தையல். தையலில் இரண்டு இடத்தில் நூல் இடைவெளி ஒழுங்காக இல்லை. கூடையின் உட்புறத்தில் அரம் ஓடிய தடங்களை அப்படியே விட்டிருக்கிறார். நான் பார்த்த பழைய கூடைகளிலும் வெளிப்புறம் மெருகாகவும் உட்புறம் கரடாகவும்தான் இருந்தது.

அலகை அவர் செய்வதில்லை. இதை ஒளிக்காமல் முதல் நாளே சொன்னார். செக் நாட்டில் ஒரு கொல்லரிடமிருந்து வருகிறது. இதை ஒரு குறையாகச் சிலர் எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றைப் பார்த்தால் இதுதான் மரபு. ஹைலண்ட் வாள்களின் பிடி ஸ்காட்லாந்தில் செய்யப்பட்டது. அலகுகளில் பெரும்பாலானவை ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து கப்பலில் வந்தவை. தஞ்சை அரண்மனை ஆயுதங்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. தஞ்சாவூர்க் கட்டாரிகளில் பல ஐரோப்பிய அலகுகளைப் பொருத்திச் செய்தவை. பிடி நம்மூர்க் கொல்லருடையது, அலகு கடல் கடந்து வந்தது. ஸ்டிர்லிங் கொல்லரும் தஞ்சாவூர்க் கொல்லரும் ஒரே மாதிரி வெளிநாட்டு அலகைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன பிடி போடலாம் என்று யோசித்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு.

அலகு 82 சென்டிமீட்டர் நீளம், அடியில் 3.4 சென்டிமீட்டர் அகலம், இருபுறமும் விளிம்பு. அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு ஓடைபோல் மூன்று மெல்லிய பள்ளங்கள். தடிமன்தான் முக்கியம்: அடியில் 5.2 மில்லிமீட்டர், நடுவில் 3.6, முனைக்கு ஒரு சாண் முன்னால் 2.1. படிப்படியாக மெலிந்துகொண்டே போகிறது. கை லேசாக உணர்வதன் காரணம் இதுவே. பாரம் கூடைக்குப் பக்கத்தில் நின்றுவிடுகிறது. விரல்மேல் வைத்துப் பார்த்தால் கூடையிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிச் சமநிலை வருகிறது. சுருள்வில் எஃகு, துவைச்சல், அதாவது காய்ச்சிக் குளிர்வித்து ஏற்றும் பதம், நன்றாக ஏறியிருக்கிறது. முனையைச் சுவரில் ஊன்றி 15 சென்டிமீட்டர் வளைத்துவிட்டேன். விட்டதும் நூல் பிடித்தாற்போல் நேரானது. விளிம்பைக் கூராக்கவில்லை, ஒரு மில்லிமீட்டர் மொட்டையாகவே கேட்டு வாங்கினேன். வீட்டில் 9 வயதுப் பையன் இருக்கிறான்.

அலகில் பெயர் பொறிக்கட்டுமா என்று கேட்டார். ஹைலண்ட் வாள்களில் அதிகமாகக் காணப்படும் பெயர் ஆந்திரேயா ஃபெராரா. அவர் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பெல்லூனோ பகுதியில் வாழ்ந்த புகழ்பெற்ற கொல்லர். அவர் காலத்துக்கு நூறு ஆண்டு பிற்பட்ட சோலிங்கன் அலகுகளிலும் அந்தப் பெயர் விதவிதமான எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. தரத்துக்கு ஓர் அடையாளமாகவே பொறித்திருக்கிறார்கள். ஆகவே பிரதி வாளில் அதைப் பொறிப்பதும் ஒருவகையில் வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதுதான். நான் வேண்டாம் என்றேன். நாளைக்கு நான் இல்லாத காலத்தில் யாரோ இதற்குத் துருவேற்றி அசல் என்று விற்கக்கூடும். அதற்குப் பதிலாகக் கூடையின் உட்புறத்தில் பட்டறைக்காரரின் சொந்த முத்திரையும் ஆண்டும் பொறிக்கக் கேட்டேன். மான் தோலை விலக்கினால் தெரியும். பிரதி வாள் வாங்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டு வாங்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முத்திரை போட மறுக்கும் பட்டறையை நான் நம்பமாட்டேன்.

அலகின் காம்பு கூடைக்குள் போய்க் குமிழைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நுனியைச் சுத்தியலால் தட்டிப் பரத்தி இறுக்கியிருக்கிறார். நான் முன்பு வாங்கியதில் மரையாணி இருந்தது. பத்து நாளில் குமிழ் ஆடியது. இதில் எட்டு மாதம் ஆகியும் ஒரு சத்தம் இல்லை. காதருகே வைத்து உலுக்கிப் பாருங்கள். நல்ல வாள் ஊமையாக இருக்கும்.

உறைதான் எனக்கு ஏமாற்றம். மரச் சட்டத்தின்மேல் கருப்புத் தோல், வாயிலும் முனையிலும் பித்தளை. வாங்கிய கோடையில் வாளை நன்றாகத்தான் உருவ முடிந்தது. கிளாஸ்கோவின் நவம்பர் மழைக்காலத்தில் உள்மரம் ஈரம் குடித்து உப்பியது. வாளை உருவ இரண்டு கை வேண்டியிருந்தது. தை மாதத்தில் வீட்டுக்குள் சூடாக்கி ஓடத் தொடங்கியதும் மரம் சுருங்கி, முனைப் பித்தளை கழன்று கையோடு வந்துவிட்டது. கூடைக்கு அத்தனை சிரத்தை எடுத்தவர் உறைக்கு நன்கு காயாத மரத்தைப் போட்டிருக்கக்கூடாது. 120 பவுண்டு தனியாகக் கொடுத்து வாங்கிய உறை அது. காத்திருப்பும் ஒரு குறைதான். 14 மாதம் என்றார், 22 ஆனது. நடுவில் மூன்று மாதம் கடிதத்துக்குப் பதிலே இல்லை. தோளில் அறுவை சிகிச்சை நடந்ததாகப் பிறகு தெரிந்தது. ஒரு வரி எழுதச் சொல்லியிருக்கலாம். முன்பணம் 400 பவுண்டு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த ஒரு வரி பெரிது.

மொத்த விலை உறை சேர்த்து 1,650 பவுண்டு. குறைந்த தொகை இல்லை. இரண்டு ஆண்டு ஊருக்குப் போகாமல் சேர்த்த பணத்தில் ஒரு பகுதி இது என்பதை என் மனைவி அறிவாள். அவள்தான் "வாங்குங்கள்" என்றாள். கூடையில் செலவான மணிக்கணக்கைப் பார்த்தால் அந்த மனிதர் கேட்டது நியாயமான கூலி என்றே சொல்வேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஸ்காட்லாந்தில் தக்க காரணமின்றி வாளைப் பொது இடத்தில் வைத்திருப்பது குற்றம். நான் பூட்டிய நீளப் பெட்டியில் வைத்து, காரின் பின்பகுதியில் போட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நேராக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்தியாவுக்கு எடுத்துப்போக எண்ணுபவர்கள் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் விதிகளை முதலில் படித்துவிட்டு டிக்கெட் எடுக்கவும்.

பராமரிப்பு எளிது. தொட்ட கையின் உப்பு ஒரே இரவில் புள்ளி போடும். பருத்தித் துணியால் துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுத் தடவினால் போதும். கூடையின் உள் மூலைகளுக்குப் பழைய பல்துலக்கி உதவும். திருக்கைத் தோலில் எண்ணெய் படக்கூடாது.

போன மாதம் இந்த வாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த எழுச்சி தோற்று முடிந்த குலோடன் போர்க்களத்தைப் பற்றிப் பையனுக்குச் சொன்னேன். 1746 ஏப்ரல் 16. ஹைலண்ட் படை துப்பாக்கியைச் சுட்டுக் கீழே எறிந்துவிட்டு, இடக்கையில் தோல் போர்த்த வட்டக் கேடயமும் வலக்கையில் இந்த வாளுமாக ஓடிவருவது வழக்கம். முந்தைய ஆண்டு பிரஸ்டன்பான்ஸ் என்ற இடத்தில் அந்த ஓட்டத்துக்கு முன்னால் அரசுப் படை நிற்கமுடியாமல் சிதறியது. குலோடனில் சேற்று நிலமும் பீரங்கியும் அவர்களை வழியிலேயே நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு சட்டம் போட்டு ஹைலண்ட் மக்களின் ஆயுதங்களைப் பறித்தார்கள். அரசுப் படையில் சேர்ந்த ஹைலண்ட் ரெஜிமெண்டுகளில்தான் கூடைப்பிடி வாள் உயிரோடு இருந்தது. அவற்றில் ஒன்று 1780இல் சென்னையில் வந்து இறங்கியது. காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் ஹைதர் அலியின் படையிடம் தோற்ற கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பெய்லியின் படையோடு அந்த ரெஜிமெண்டின் இரண்டு சிறு பிரிவுகளும் இருந்தன. "அப்படியென்றால் இந்த வாள் நம்மூருக்கும் வந்திருக்கிறதா அப்பா?" என்று கேட்டான். ஹைலண்ட் அதிகாரிகளின் இடுப்பில் தொங்கியது இந்த வகைதான் என்றேன். கையை நுழைத்துப் பார்க்கவேண்டும் என்றான். அவன் கை கூடைக்குள் போய்க் காணாமல்போயிற்று.

உறையைப் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். இம்முறை இரண்டு ஆண்டு காயவைத்த மரத்தில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார், கூலி இல்லாமல். அடுத்த சனிக்கிழமை போய் வாங்கவேண்டும். அதுவரை வாள் என் மேசையில் மெழுகுத்துணியில் சுற்றியபடி இருக்கிறது.